சலவைக் கூடத்தைப் பூட்டியது தொடர்பாக

என் பெயரைப் புகாரிலேயே அத்தான் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'ரேடியோ வீடு எது?' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. என் அக்கா தனக்கு ஐம்பது என்று சொல்லி வருவதால் எனக்கு நாற்பத்தெட்டு என்று பதியுமாறு கேட்டேன், காவல் நிலைய எழுத்தர் மறுத்துவிட்டார். வசிப்பது சலவைக் கூடத்துக்குப் பின்தெருவில், மாடி வீட்டில். தங்கும் விடுதிகளின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்துக் கொடுப்பது தொழில். புகார்க்காரர் என் அக்காவின் கணவர். எங்கள் பகுதியின் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளர்.

மேற்படி கூடம் நீளமான கட்டடம். உள்ளே வரிசையாகக் கல் தொட்டிகள். ஒன்று நிரம்பினால் தண்ணீர் அடுத்ததற்கு வழியும். கட்டியவர் யாரென்று தெரியாது. முழங்கை ஊன்றி ஊன்றித் தொட்டி விளிம்புகள் பள்ளமாகியிருப்பது மட்டும் தெரியும். அதற்கு நேரெதிரே பால்கனி வைத்த பங்களா இருக்கிறது. யாரோ ஒரு பெரிய மனிதர் அங்கே ஓர் இரவு தூங்கினாராம், அதுதான் அதன் பெருமை. எங்கள் விடுதிகளிலும் பெரிய மனிதர்கள் தூங்குகிறார்கள். விரிப்பைத் துவைக்கிறவள் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இரண்டில் ஒன்றைப் பாதுகாப்பது, மற்றதை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்வது என்று முடிவான பிறகு, எதைக் காப்பது என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று குழு அறிவித்தது. ஞாயிறு காலை நடுத்தெருவில் வந்து, பிடித்த கட்டடத்தின் முகப்பைப் பார்த்து நிற்க வேண்டும். செயலாளர் விசில் ஊதித் தலைகளை எண்ணுவார்.

அதற்கு முந்தின நாள் ஒரு விளையாட்டுக் குழு விடுதிகளைக் காலி செய்துவிட்டுப் போனதால் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ஞாயிறு காலையில் கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் தொட்டியடியில் இருந்தோம். கூடத்துக்காகத்தானே எண்ணுகிறார்கள், கூடத்திலேயே இருக்கிறோமே, இதைவிட என்ன வேண்டும் என்பது எங்கள் புத்தி. பங்களா பக்கம் தேநீர் கொடுத்தார்கள். என் கணவர் அங்கேதான் நின்றார். தேநீர் கிடைத்தால் அவர் மின்கம்பத்தைப் பார்த்துக்கூட நிற்பார்.

விசில் கேட்டு நான் நுரைக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தபோது அத்தான் எங்களுக்குச் சுழியம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், முட்டை போட்டுட்டீங்க?"

"வெளியே ஒருத்தரும் இல்லையேம்மா."

"உள்ளே இத்தனை பேர் இடுப்பொடிய நிக்கறோமே, கண்ணுல படலையா?"

"உள்ளே இருக்கறவங்க கணக்குல வரமாட்டாங்க. அவங்க துணி துவைக்க வந்தவங்க. கட்டடத்துக்காக வந்தவங்க இல்ல."

"அப்ப வேலையை விட்டுட்டு வெளியே வந்து வாயைப் பொளந்து பார்த்தாத்தான் பாசமா?"

"விதின்னா விதிதான். என்கிட்ட சண்டைக்கு வராதே."

நான் நுரைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்பினேன். சண்டையைப் பாதியில் விட்டுப் போவது என் வாழ்க்கையில் அபூர்வம் என்பதைக் குறித்துக்கொள்ளக் கோருகிறேன்.

அதன் பிறகு நாங்கள் குழுவிடம் இரண்டு முறை முறையிட்டும் பலனில்லை. அதன் பிறகு வியாழன் காலை அத்தான் அளவு நாடாவோடு வந்து, இடிக்கிறவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று தொட்டி தொட்டியாக அளந்தார். அவர் கடைசித் தொட்டிக்குப் போன சமயம் நான் எல்லோருக்கும் ஜாடை காட்டினேன். எல்லோரும் துணியைப் போட்டது போட்டபடி வெளியே வந்தோம். அதன் பிறகு என் சைக்கிள் பூட்டை எடுத்துக் கம்பிக் கதவில் மாட்டியது நானேதான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை; அந்தப் பூட்டு சிக்கிக்கொள்ளும், அதைப் பூட்ட எனக்கு மட்டும்தான் வரும்.

அதன் பிறகு நாங்கள் தெருவில் வரிசையாக நின்று, கூடத்தின் முகப்பைப் பார்த்தோம்.

"அத்தான், இப்ப எண்ணுங்க" என்றேன்.

"கதவைத் திற! உங்க அக்காவைக் கூப்பிடறேன் பாரு!"

கூப்பிட்டார். அக்கா அலுவலகத்திலிருந்து பாதியில் வந்தாள். வீட்டில் சலவை இயந்திரம் வருகிற வரைக்கும் அத்தானின் வெள்ளைச் சட்டைகளை மூன்றாவது தொட்டியில் துவைத்தவள் அவள்தான். கம்பிக்குள் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் சொல்லேன் அவகிட்ட" என்றார் அவர். அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள், செருப்பைச் சரி செய்துகொண்டாள், எங்கள் வரிசையின் கடைசியில் வந்து முகப்பைப் பார்த்து நின்றாள்.

அத்தான் விசிலை வாயில் வைத்தார்; ஊதவில்லை. ஆனால் அவர் பார்வை எங்களை ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் அக்காவிடம் நின்றதை நான் பார்த்தேன். அதன் பிறகு கம்பி வழியாகத் தேநீர் கொடுத்தேன். குடித்தார், சர்க்கரை குறைவு என்றார். அதன் பிறகு தாங்கள் அனுப்பிய காவலர்கள் இருவரும் வந்து, தெருவில் நின்று, கூடத்தின் முகப்பைப் பார்த்தார்கள். அவர்களையும் எங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் சொன்னதும் நானே திறந்து அத்தானை வெளியே விட்டேன்; பூட்டு மட்டும் இன்னும் கதவிலேயே தொங்குகிறது.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அத்தான் சொல்லியனுப்பியிருப்பதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள். எழுதிக் கொடுக்கமாட்டேன். எங்களை எண்ணியதாக அவர் எழுதிக் கொடுக்கட்டும், நான் பூட்டை எடுத்துக்கொள்கிறேன். இடிக்க வண்டி வந்தால் மறுபடி மாட்டுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று பேச்சு வரக்கூடாது.

ஒருவரைச் சட்டவிரோதமாக உள்ளே அடைத்து வைத்தேன் என்பது என் மீதுள்ள குற்றச்சாட்டு. உள்ளே இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பது புகார்க்காரரே சொன்ன விதி. அவர் உள்ளேதான் இருந்தார். ஆகவே விதிப்படி அங்கே ஒருவரும் இல்லை. விதின்னா விதிதான்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சிரித்த இடங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் நான் என் வாயால், யாரும் தூண்டாமல், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் சொன்ன உண்மை. எழுத்தரை நிலையத்துக்கு வெளியே அழைத்துவந்து, முகப்பைப் பார்த்து நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளே போட்டால் கணக்கில் வராது.