ஐந்தாவது பெயர்

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

2009 மே, வெள்ளிக்கிழமை. காலை ஆறு இருபது. முள்ளிவாய்க்கால். 'உஸ்' என்று ஓர் இழுவை. பிறகு நிலம் ஒருமுறை எழும்பி அமர்கிறது. வாயெல்லாம் மணல். அம்மா முன்னால் கூட்டத்தோடு போய்விட்டார். பின்னால் நானும் தம்பி சீலனும் மட்டும். நான் எழும்பினேன். அவன் எழும்பவில்லை. பத்தொன்பது வயது. அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தாலேயே அவனை மூடினேன். அடுத்த ஷெல் விழுந்தது. ஓடினேன்.

முகாமில் பெயர் பதிந்தார்கள். சீலன் இறந்தவரா, காணாமற்போனவரா? அம்மா பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். காணாமற்போனவர் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது புனே. வாகட் பகுதியில் எட்டாம் மாடி. கணவருக்கு இங்கே கணினி வேலை. ஞாயிறு, மாலை ஐந்து. கணபதி விழாவுக்காக ஆற்றங்கரையில் மேளம் அடித்துப் பழகுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் என் தலை தானாகக் குனிகிறது.

எதிர்வீட்டுக் கவிதா கோயம்புத்தூர்க்காரர். வக்கீல். ஐ.நா. விசாரணைக்கு அனுப்ப என் சாட்சியத்தை எழுதித் தருகிறார். இனப்படுகொலை என்றால் சட்டப்படி என்ன என்று அவரிடம்தான் கேட்டேன்.

"எத்தன பேர் செத்தாங்கங்கறது மட்டும் இல்லீங்க்கா. ஒரு இனத்தையோ மதத்தையோ, அது அந்த இனமா இருக்கறதுக்காகவே, முழுசாவோ ஒரு பகுதியவோ அழிக்கோணும்னு நெனச்சுச் செஞ்சாங்களான்னுதான் சட்டம் கேக்கும்."

ஐந்து செயல்களை விரல்விட்டுச் சொன்னார். கொல்வது. உடலையோ மனத்தையோ கடுமையாகச் சிதைப்பது. உயிர்வாழவே முடியாத நிலைக்குத் தள்ளுவது. பிறப்பைத் தடுப்பது. பிள்ளைகளைப் பிடுங்கி வேறு இனத்திடம் கொடுப்பது. இதில் ஒன்று போதும். ஆனால் நோக்கத்தை நிறுவ வேண்டும். அடித்தவன் மனதுக்குள் நான் எப்படிப் போவேன்? எனக்குத் தெரிந்தது அந்த மணல்தான்.

கவிதாவின் அப்பா போன வருடம் சிஞ்ச்வட் ஆஸ்பத்திரியில் இறந்தார். சான்றிதழில் நேரம் இருக்கிறது. காரணம் இருக்கிறது. திதிக்கு நாள் இருக்கிறது. எனக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. சாவதற்குக்கூட இவ்வளவு வசதியா!

சீலன்மேலும் பொறாமைதான். அவன் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் அம்மா ஒரு சட்டை வாங்கி அலமாரியில் வைக்கிறார். கூடவே இருக்கும் எனக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. அவர் கண் எப்போதும் வாசலில்.

"எறந்தவங்க பேரச் சொல்லுங்க்கா," என்றார் கவிதா.

அப்பா. சித்தி. சித்தியின் மகள்கள், இரண்டு பெட்டைகள். நான்கு. அடுக்களையில் அம்மா வெங்காயம் அரிகிறார். சொன்னால் என்னை மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால், சீலனை யாரும் கொல்லவில்லை என்றாகிவிடும்.

சீலன், என்றேன். வெள்ளிக்கிழமை. ஆறு இருபது.

கத்திச் சத்தம் நின்றது. அம்மா கதவடிக்கு வந்தார்.

"மண்ணெண்டாலும் போட்டனியா பிள்ளை?"

"இல்லையம்மா. சாரத்தால மூடினனான்."

வாசலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தனியவோ மூடினனி?"

தலையாட்டினேன். வெங்காயக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். கண் எரிந்தது.

எழுதுங்கோ, கவிதா. ஐந்து பேர். அலமாரியில் பதினாறு சட்டைகள்.