பெயர் வேணும், பெயர் வந்திருக்கு

— “பெயர் வேணும், பெயர் வந்திருக்கு.” என்ன லா இது, ராஜேஷ்? தோசை கேட்டேன், தோசையே வந்துச்சு, அதுக்கு ஒரு கம்ப்ளெயிண்டா?

— நீங்கதானுங்க ஷாமினி சொன்னீங்க, நம்ம தமிழ்ப் புரோகிராமிங் கம்பைலரு பிழையச் சுருக்கமாச் சொல்லோணும்னு. முன்னெல்லாம் ஒரு பக்கத்துக்கு நீளுமுங்க.

— சுருக்கச் சொன்னேன், பைத்தியமாக்கச் சொல்லல. நம்ம பிரிக்பீல்ட்ஸ் கிளாஸ் பிள்ளைங்க இதப் பார்த்தா லேப்டாப்ப மூடிட்டு டீ குடிக்க மாமாக் கடைக்குப் போயிரும்.

— ரெண்டும் வேற வேற டைப்புங்க, பேர எழுதி வைக்கிற ரெண்டு விதம். ஒண்ணு நான் எழுதினது. எங்கூருப் பழக்கம், முன்னாடி இனிஷியலு, அப்புறம் பேரு. இன்னொண்ணு நீங்க எழுதினது.

— நம்ம அடையாள அட்டை, ஐசியில இருக்கிற மாதிரி. பேரு, அனாக் பெரெம்புவான், அதாவது மகள், அப்புறம் அப்பா பேரு. அலாமா! ரெண்டுக்குமே ‘பெயர்’னே வெச்சிட்டோமா?

— ஆமாங்க. எது எந்த ஃபைல்ல இருக்குன்னு காட்டுற பகுதிய நான் வெட்டிட்டேனுங்க.

— அப்போ ரெண்டு டைப்பும் ஒரே மாதிரி தெரிஞ்சா மட்டும் முழுசா காட்டட்டும். மத்த நேரம் சுருக்கம் போதும். இரு, இப்பவே முழுசா ஓட்டிப் பார்க்கிறேன்.

— வேண்டாமுங்க!

— ஏன் பதறுற? நாளைக்கு கோயமுத்தூருக்குப் பொண்ணு பாக்கப் போறவரு, வேலைய முடிச்சிட்டுப் போ.

— அம்மா கூப்பிடுறாங்க. எனக்கு அதுல இஷ்டமில்லீங்க.

— இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? ஆ, வந்திருச்சு. எந்த ஃபைலு, எந்த வரி, எல்லாம் காட்டுது. இது நீ எழுதின கல்யாண மண்டபப் புக்கிங் புரோகிராம்தானே? “மாப்பிள்ளை: கோ. ராஜேஷ்குமார்...”

— சும்மா டெஸ்டுக்குப் போட்டதுங்க. மூடிருங்க.

— “பொண்ணு: ஷாமினி அனாக் பெரெம்புவான் நாகையா.”

— லேப்டாப்பக் குடுங்க, நானே மூடிர்றேனுங்க.

— இதுவும் டெஸ்டா?

— இல்லீங்க. மனசுல இருக்கிறதத்தான் அடிச்சேன். நீங்க சிரிச்சிருவீங்களோன்னு பயந்துட்டே ஒரு வருசம் ஓடிப்போச்சு.

— லூசு.

— கோவமாங்க?

— கோவம்தான். நானும் ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருந்தா கோவம் வராதா? பையை எடு, என் காடியில ஏறு, நானே ஓட்டுறேன். அப்பா காப்பார் ஊர்ல வீட்லதான் இருக்காரு, நீயே வந்து பொண்ணு கேளு.