ஹோலுக்கு இழுத்த வயர்

இல்லைத் தம்பி, வைபை வேண்டாம். முந்தியே சொல்லிப்போட்டன். வயர்தான். உந்த ரூட்டர் கிடக்கிற இடத்திலையிருந்து சுவர் ஓரமா வந்து, கதவு நிலையைச் சுத்தி, ஹோலுக்கை, உந்த மேசைக்கு. ஓம், ரீவிக்குப் பக்கத்திலை. கொம்பியூட்டரை விடியவே அவளின்ரை அறையிலையிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிட்டன். நீர் வயரைக் கொழுவினாச் சரி.

ஏன் சிரிக்கிறீர்? வைபை சுகம் எண்டு எனக்குத் தெரியாதோ? போன வருசம் உம்மடை முதலாளிதானே வந்து கொம்பியூட்டருக்குப் பின்னாலை சின்னத் துண்டொண்டைச் செருகிப்போட்டு, இனி எந்த அறையிலையும் வைச்சுப் பாவிக்கலாம் ஐயா எண்டு பல்லைக் காட்டிப்போட்டுப் போனவர். அந்தத் துண்டை இழுத்து எறிஞ்சு போட்டன். வயரெண்டாச் சங்கிலியிலை கட்டின நாய்மாதிரி, அது எவ்வளவு தூரம் போகும் எண்டு எங்களுக்குத் தெரியும். ரூட்டரிலையும் வைபையை நிப்பாட்டிப்போட்டுப் போம். ஏலுமெல்லோ? நல்லது.

மகளோ? மருதனார்மடத்துக்குப் போட்டாள், மருந்து வாங்க. எனக்குத்தான், நெஞ்சுக்கு. அவள் வர முன்னம் முடிச்சுப்போடும். வந்தாளெண்டா ஏன் அப்பா ஹோலிலை, பிள்ளையளுக்குப் படிப்பிக்கேக்கை ரீவிச் சத்தம் கேக்குமே எண்டு நிண்டு நியாயம் கதைப்பாள். எல்லாம் முடிஞ்ச பிறகு கதைக்கட்டும். சுவரிலை ஆணி அடிச்ச பிறகு அவளாலை என்ன செய்ய ஏலும்?

நிவேதனா ரீச்சர் எண்டா நோர்வேயிலை தெரியாத தமிழ் வீடு இல்லையாம். லண்டனிலையும் இருக்கினம், கனடாவிலையும் இருக்கினம். அங்கத்தைச் சின்னனுகளுக்கு இஞ்சை இணுவிலிலை இருந்துகொண்டு கொம்பியூட்டராலை அ, ஆ சொல்லிக் குடுக்கிறாள். உமக்கு ஏன் ஒளிப்பான், இந்த வீடு அவளாலைதான் ஓடுது. கூரை மாத்தினது, மதில் கட்டினது, நான் குடிக்கிற பால், போடுற குளிசை, எல்லாம் அவளின்ரை தொண்டைத் தண்ணி. மூத்தவன் கிருஷாந் பிரான்சிலை. தகப்பன் எண்டு ஒருத்தன் உயிரோடை இருக்கிறது அவனுக்குத் தீபாவளிக்குத்தான் ஞாபகம் வரும். மனிசி செத்தாப் பிறகு அதுவும் குறைஞ்சுபோச்சு.

அந்த ஆணியைக் கொஞ்சம் கீழை அடியும். சாமிப் படத்துக்கு மேலாலை வயர் போறது வடிவில்லை.

கலியாணமோ? நீரும் கேட்டாச்சு. கேக்காத ஆள் இல்லை. முப்பத்தாறு வயசு தம்பி. முன்தலை நரைச்சுப்போச்சு. தலைக்குப் பூசக் கறுப்பு டை ஒண்டு வாங்கியாங்கோ அப்பா எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டவள். நான் மறந்தமாதிரி இருந்திட்டன். ஏன் சும்மா ஆசையைக் கிளப்புவான்? பாக்கேல்லை எண்டில்லை, பாத்தனான்தான். வந்த இடமெல்லாத்துக்கும் ஒவ்வொரு நொட்டை சொன்னன். ஒருத்தன் கட்டை, ஒருத்தன் குடிகாரன்ரை மகன், ஒருத்தனுக்குத் தாய் சரியில்லை. அப்பா எனக்கு நல்லதுதானே பாக்கிறார் எண்டு அவளும் இருந்தாள். நல்ல பிள்ளை. அதிலை குறை சொல்ல ஏலாது.

பிறகுதான் இவன் வந்தான். கோபிசங்கர். நோர்வேயிலை இருக்கிறவன். இவளிட்டைத் தமிழ் படிக்கிற சின்னன் ஒண்டின்ரை தகப்பன். மனிசி புற்றுநோயிலை செத்துப்போச்சாம். முதலிலை பிள்ளை படிச்சு முடிய வந்து, நன்றி ரீச்சர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறவன். பேந்து பிள்ளை எழும்பிப் போன பிறகும் இருந்து கதைக்கத் தொடங்கினான். எனக்கு எப்பிடித் தெரியுமோ? அறைக் கதவுக்கு வெளியிலை கதிரையைப் போட்டு நான் பேப்பர் பாக்கிறனான் தம்பி. பேப்பரிலை என்ன கிடக்கு. காதுதான் அங்கை.

ஒருநாள் சிரிக்கிறாள். என்ரை மகள். இந்த வீட்டிலை இருபது வருசமா நான் கேக்காத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டி, நிப்பாட்ட ஏலாமல் சிரிக்கிறாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எனக்குச் சோறு போட்டுத் தரேக்கை ஒருநாள் இப்பிடிச் சிரிச்சவளோ? நான் கதைச்சா ஓம் அப்பா, சரி அப்பா, அவ்வளவுதான்.

சந்தோசப்படவோ? நீர் நல்லாச் சொல்லுறீர். அவள் சந்தோசமா விமானம் ஏறிப் போனா, நான் ஆரோடை இருக்கிறது? கிருஷாந் கொண்டுபோய் ஏதாவது வயோதிபர் இல்லத்திலை தள்ளிப்போட்டு மாதம் மாதம் காசைக் கட்டுவான். அங்கை ஒரே மாதிரிச் சட்டை போட்டு, வரிசையிலை இருத்தி, பிறந்தநாளுக்கு ஆரோ சாப்பாடு குடுக்க வந்து எங்களோடை நிண்டு படம் எடுப்பினம். எனக்கு அது வேண்டாம். பயம்தான் தம்பி. சொல்ல எனக்கு வெக்கம் இல்லை.

அவன் பிழையான ஆளோ எண்டு கேட்டாத் தெரியாது. தகப்பன்வழி வடமராட்சிக் கடற்கரை ஆக்களாம். அதைத்தான் நான் முதலிலை பிடிச்சனான். எங்கடை சனம் என்ன சொல்லும், கொம்மா உயிரோடை இருந்திருந்தா தனக்கு மண்ணெண்ணெய் ஊத்தியிருப்பாள் எண்டு ஒருநாள் முழுக்கப் பேசினன். அவள் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, அப்பா, அவர் வாற மாசம் வாறார், உங்களோடை நேரிலை கதைக்க வேணுமாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறார் எண்டாள். நடுங்காமல் சொன்னாள். அப்பதான் எனக்கு விளங்கினது, சாதிக் கதை இனி எடுபடாது எண்டு. உண்மையைச் சொன்னா, இந்த ஒழுங்கையிலை பிறந்த எங்கடை சொந்தக்காரன் எண்டாலும் நான் விட்டிருக்க மாட்டன். வரட்டும் பிள்ளை எண்டு சொன்னன். காலிலை விழுந்தாள். தலையிலை கை வைச்சு ஆசீர்வாதம் பண்ணினன்.

தேத்தண்ணி குடியும். ஆறப்போகுது.

என்ன, லைன் எப்பிடி அறுந்ததோ? அணில். விடிய வந்து ஒட்டிப்போட்டுப் போன கொம்பனிப் பெடியங்களும் இதைத்தான் கேட்டாங்கள். மதிலுக்கு மேலாலை வாற வயர்தானே, அணில் ஓடுறது. பல்லுத் தடம் இல்லையோ? அவங்கள் உம்மட்டையும் சொல்லிப்போட்டாங்களாக்கும். சரி, அணில் இல்லை. நான்தான். பாக்குவெட்டியாலை. ஒரு நறுக்கு. மேல் தோலுக்கை பாத்தா தலைமயிர் மாதிரி ஒரு சின்னத் தும்பு. இதுக்குள்ளாலையோ நோர்வே வந்து என்ரை வீட்டுக்கை இருந்தது எண்டு எனக்கே அதிசயமாக் கிடந்தது.

வீடு ஒரு கிழமை அமைதியாக் கிடக்கட்டும் எண்டுதான். வேறை ஒண்டுக்கும் இல்லை. இப்ப பிள்ளையளின்ரை தாய் தேப்பன் வேறை ரீச்சரைத் தேடப்போகினம், உழைப்பு நிண்டா எனக்கும்தானே பட்டினி. அதுதான் உம்மைக் கூப்பிட்டனான்.

வந்திட்டுதோ? எங்கை, காட்டும். அட, மின்னல்மாதிரி வருது. வைபையை விட வேகமோ? பாத்தீரே, வயர்தான் நல்லது எண்டு நான் சொல்லேல்லையோ? அவளுக்கும் அதையே சொல்லுவம். வேகத்துக்காகத்தான் அப்பா ஹோலுக்கு இழுத்தவர் எண்டு. அவள் கேட்டா நீரும் அப்பிடியே சொல்லும்.

ஓம், சைக்கிளை அந்தப் பக்கத்தாலை எடும், கேற்றடியிலை வாழைக்குலை சரிஞ்சு கிடக்கு. கலியாணமோ எண்டு கேக்கிறீரோ? இல்லைத் தம்பி, எங்கடை பிள்ளையார் கோயில் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின்ரை உபயமெல்லோ, எங்கடை நாள் போன வெள்ளி. அண்டைக்கு மேளகாரர் கோயிலிலையிருந்து எங்கடை கேற்றடிக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போறது வழமை. நாங்கள் பட்டு உடுத்து, தட்டுகளிலை பழம், பூமாலை எல்லாம் ஏந்திக்கொண்டு பின்னாலை போவம். உங்கடை ஊரிலையும் அப்பிடியோ? ஆனா உமக்கே பாத்த உடனை கலியாண வீடு எண்டுதானே பட்டது. வட்டுக்கோட்டையிலை பிறந்து வளந்த உமக்கு. அப்ப ஆறு வயசிலை நாட்டை விட்டுப் போன கோபிசங்கருக்கு எப்பிடிப் பட்டிருக்கும்?

வந்தவன் தம்பி. வராமல் என்ன? அண்டைக்குப் பின்னேரம்தான் வந்தவன்.

இரும், அவசரப்படாதையும். இதை ஆருக்கும் சொல்லாமல் நெஞ்சுக்கை வைச்சிருக்க எனக்கும் ஏலாமல் கிடக்கு. அவளின்ரை போன் கண்ணாடி வெடிச்சுக் கிடந்தது. குடு பிள்ளை, ரவுணுக்குப் போறன், மாத்திக்கொண்டு வாறன் எண்டு வாங்கினன். கடைக்கு ஏன் குடுக்கிறன்? என்ரை அலுமாரியிலை வேட்டிக்குக் கீழை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் பாத்தன். போனைத் திறக்க அவள் கண்ணாடியிலை விரலாலை கீறுற கோட்டை எத்தினை தரம் பாத்திருப்பன். கொழும்பிலை இறங்கிட்டன், ஏன் பதில் இல்லை, சுகமில்லையோ, சரி வெள்ளி பின்னேரம் நேரை வீட்டை வாறன் எண்டு போட்டிருந்தான். நான் ஒரு எழுத்தும் திருப்பி எழுதேல்லை. அவளுக்கு லைனும் இல்லை, போனும் இல்லை. பக்கத்து வீட்டுப் போனிலை எடுக்கலாம்தான், ஆனா இந்தக் காலத்திலை ஆர் நம்பரைப் பாடமாக்கி வைச்சிருக்கினம்? வெளியிலை போய் ஏதாவது செய்வாளோ எண்டுதான் நெஞ்சு நோ எண்டு படுத்தன். பக்கத்தை விட்டு அசையேல்லை, பாவம். இரவிரவா என்ரை நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

வெள்ளி பின்னேரம் ஒழுங்கை முகப்பிலை அவனும் பிள்ளையும் வந்த வான் நிண்டது. இஞ்சை கேற்றிலை வாழை, மாவிலை, நிறைகுடம். மேளம் காதைப் பிளக்குது. என்ரை மகள் சிவப்புப் பட்டு உடுத்து, தலை நிறையப் பூ வைச்சுக்கொண்டு, தட்டோடை சனத்துக்கு நடுவிலை நிக்கிறாள். நான்தான் அந்தச் சீலையைக் கட்டச் சொன்னனான். தாயின்ரை கலியாணக் கூறை. அவளுக்கு வடிவாத்தான் இருந்தது. நான் ஓடிப்போய் வானடியிலை நிண்டன். விசேஷமோ ஐயா எண்டான். ஓம் தம்பி, விசேஷம்தான் எண்டன். நிவேதனாவுக்கோ எண்டான். அவளுக்கும்தான், முழுக் குடும்பத்துக்கும்தான், வந்தனீங்கள் சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டன். இதிலை ஒரு பொய் காட்டும் பாப்பம்?

அவன் எட்டி அந்தச் சிவப்புப் பட்டைப் பாத்தான். முகம் வெளிறிப்போச்சு. கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட சின்னன், அப்பா அங்கை ரீச்சர் நிக்கிறா, எவ்வளவு வடிவா இருக்கிறா, நான் போய்க் கூப்பிடட்டோ எண்டு குதிக்குது. நல்ல தமிழ் தம்பி. ஒரு எழுத்துப் பிசகேல்லை. என்ரை மகள் சும்மா படிப்பிக்கேல்லை. மேளச் சத்தத்திலை அவளுக்குக் கேக்கேல்லை. அவன் பிள்ளையைத் தூக்கி வானுக்கை ஏத்திக்கொண்டு போட்டான். இரவு போனுக்கு ஒண்டு வந்தது, நல்லா இருங்கோ, இனிக் கரைச்சல் தரமாட்டன் எண்டு. அடுத்த நாள் பாத்தா அவன்ரை படமும் இல்லை, ஒண்டும் இல்லை. இவளின்ரை நம்பரை வெட்டிப்போட்டான், கொம்பியூட்டரிலை எடுத்தாலும் இனி அவனுக்குப் போகாது. நானும் எல்லாத்தையும் அழிச்சிட்டன். பின்னேரம் கண்ணாடியையும் மாத்துவிச்சு, இவ்வளவு நாளும் போன் கடையிலை கிடந்தமாதிரிக் குடுப்பன்.

அவளோ? அவன் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள். வெளிநாட்டுக்காரர் உப்பிடித்தான் பிள்ளை, விடு எண்டு நான் தலையைத் தடவிவிட்டன். என்ரை மடியிலை கிடந்து அழுதாள். சின்னப்பிள்ளையிலை அழுதமாதிரி.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? சொல்லப்போறீரோ? சொல்லும். வயர் இழுக்க வந்த ஆள் சொல்லுறதை நம்புவாளோ, நெஞ்சு நோவோடை கிடக்கிற தகப்பனை நம்புவாளோ? உமக்கும் ஒரு தங்கச்சி தையல் கடையிலை உழைக்கிறா எண்டனீர். அவ போனா உம்மடை வீட்டிலை அடுப்பெரியுமோ எண்டு யோசிச்சுப் பாரும்.

ஸ்கூட்டிச் சத்தம் கேக்குது. ஆணியளைப் பொறுக்கும்.

வா பிள்ளை, வெயிலுக்கை வாறாய். மருந்து கிடைச்சதோ? இஞ்சை பார், தம்பி எல்லாம் கொழுவித் தந்திட்டார். வேகத்துக்காக ஹோலுக்கு இழுத்தது, வேறை ஒண்டுமில்லை. ஏன் நிக்கிறாய், இரன். எடு. ஓம் பிள்ளை, முதல் அவருக்கே எடுத்துப் பார். நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இந்தக் கதிரையிலை பேசாமல் இருக்கிறன்.