கஞ்சி போட்ட மூத்திரத்துணி

டிராம் சிராங்கூன் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஆபீஸ் கோட்டுக்குக் கீழே மலாய்க்காரர் போலச் சாரம் கட்டியிருந்தார். பக்கத்திலிருந்த சிநேகிதர் கேட்டேவிட்டார்.

“வேட்டி எங்கய்யா?”

“ஒண்ணு தவிர எல்லாத்தையும் கிழிச்சு மகனுக்கு மூத்திரத்துணி ஆக்கியாச்சு. பழைய துணிதானே உறுத்தாது?”

“அந்த ஒண்ணு?”

“அதை ஏன் கேக்குறே! கிழிச்ச துணியை டோபிகிட்ட போட்டேன். அவன் வழக்கம்போலக் கஞ்சி போட்டு, மொடமொடன்னு தேய்ச்சுக் கொடுத்துட்டான். காலையில புள்ளைக்கு அதைக் கட்டித்தான் மடியில வெச்சிருந்தேன். துணி ஒரு சொட்டுகூட உறிஞ்சலே. அத்தனையும் என் வேட்டியில.”

சிநேகிதர் சிரித்தார். “இந்தக் கோலத்துல ஆபீசுக்கா? துரை கேட்டா?”

“கேக்கணும்யா! மகன் பொறந்ததை அவர்கிட்ட இன்னும் சொல்லலையே.”