டாக்டர் ரைமர்ஸ் வீட்டுக் குளிர்ந்த நெருப்பு

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். ஊரார் கதை இல்லை, என் வீட்டுக் கதைதான். எனக்குப் பிறவியிலேயே மூக்கு கூர்மை. நாலு கடை தள்ளி நின்றே, இது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் டெட்லெஃப் ரைமர்ஸ்.

வால்நட்சத்திரம் எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். அவரைக் கண்டால் ஹாம்பர்க் நகரமே தொப்பியைக் கழற்றும். பார்க்க வருகிறவர்களை மாடிக்கு மட்டும்தான் கூட்டிப்போவார். அங்கே தொலைநோக்கி, துடைத்து வைத்த பித்தளை, நல்ல வெளிச்சம். நிலவறைக்குள் அவரைத் தவிர நானும் வேலைக்காரி வீப்கேயும்தான் போவோம்.

நிலவறையில் சிறுநீர் இருந்தது. தொட்டி தொட்டியாக, பட்டாளத்துக் குடியிருப்பிலிருந்து வீப்கே சுமந்து வந்தது. மஞ்சளாக இருக்கிறதே, அப்படியானால் அதற்குள் தங்கம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. புழு வைக்கும்வரை அதை அழுகவிட்டு, பிறகு கூழாகக் காய்ச்சுவார். தொட்டிகளின் மேல் சாக்கட்டியால் கிரகங்களின் குறிகளைப் போடுவார். தேவதூதர்களின் பெயர்களை முணுமுணுப்பார். சந்திரன் விருச்சிகத்தில் புகாமல் மூடியைத் திறக்க விடமாட்டார். பிறகு அதே கையோடு மேஜைக்கு வந்து ரொட்டியைப் பிட்டு எனக்கு நீட்டுவார். நானும் வாங்கித் தின்றேன். பெண்சாதி வேறென்ன செய்வாள்.

தங்கம் வரவில்லை. மெழுகு மாதிரி ஒன்று வந்தது. பூண்டு நாற்றம் அடித்தது. இருட்டில் சூடே இல்லாமல் பச்சையாக ஒளிர்ந்தது. அதைத் தின்று செத்த எலிகளை வீப்கேதான் வாரிக் கொட்டினாள்.

நல்ல பெண். வாய்தான் அடங்காது.

"அம்மா, மீன்கடையில என்ன கேக்குறாங்க தெரியுமா? உங்க ஐயா நட்சத்திரத்தையெல்லாம் மூத்திரத்துலதான் கழுவி மாட்டுறாராமேன்னு கேக்குறாங்க."

"நீ என்னடி சொன்னே?"

"கழுவுறதோட விடல, மந்திரமும் ஓதுறாருன்னேன். சிரிச்ச சிரிப்புல கடைக்காரன் கையில இருந்த விலாங்கை நழுவ விட்டுட்டான்."

அந்த வசந்தத்தில் பாரிஸிலிருந்து அறிஞர் சபைக்காரர்கள் வருவதாக இருந்தது, அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள. சூனியக்காரன் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள். ஊரில் அவருக்கு இருந்த நல்ல பெயர் ஒன்றுக்காகத்தானே அத்தனை நாற்றத்தையும் நான் மூச்சுக்குள் வாங்கிக்கொண்டிருந்தேன். வீப்கேயிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அட போங்கம்மா. பாரிஸ்காரங்க வரட்டும், நானே கையைப் புடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். அடுத்த மாசம் படகுக்காரனைக் கட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டா அப்புறம் என் வாயை யாரு கட்டுறது?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்குப் பிடித்த விலாங்கு சூப் வைத்தேன். பூண்டை அள்ளிப் போட்டேன்.

"என்னம்மா இன்னிக்கு இவ்ளோ பூண்டு? என் ஆளு கிட்டவே வரமாட்டானே," என்று சொல்லிக்கொண்டே வழித்துக் குடித்தாள். அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நிறைவாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சமையலறைச் சுவருக்குள் பதித்த பெட்டிக்கட்டிலில் கிடந்தாள். வாந்தியை நான்தான் துடைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தேன். அந்த நாற்றத்தை உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை. தலையைக் கோதிவிட்டேன். "என்னை விட்டுப் போயிடாதீங்கம்மா," என்றாள். போகவில்லை.

அப்போது அவர் வந்தார். கட்டிலின் மரக்கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. அந்த இருட்டில் அவள் மோவாயும் கழுத்தும் தலையணையும் பச்சையாக ஒளிர்ந்தன. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். கத்துவார், என்னை அடிப்பார், வைத்தியருக்கு ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன்.

"இல்சபே, ஒரு கரண்டி குடு. கண்ணாடிக் குப்பியும்."

"அவளுக்கு இன்னும் உசிரு இருக்குங்க."

"தெரியுது. உடம்புக்குள்ள போயும் அணையல, பாத்தியா? சீக்கிரம் குடு, காஞ்சிடும்."

"ஐயா, வைத்தியரைக் கூப்பிடுங்கய்யா," என்றாள் வீப்கே.

"அசையாமப் படு," என்றார். அவள் மோவாயிலிருந்து வழித்தெடுத்துக் குப்பியை மூடினார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

மதியத்துக்குள் அவள் அடங்கிவிட்டாள். காய்ச்சல் என்று பாதிரியாரிடம் சொன்னோம். பாரிஸ்காரர்கள் வந்தார்கள், மாடியைப் பார்த்தார்கள், அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். நகரமன்றத்தில் அவர் படம் இன்றும் தொங்குகிறது. அவர் சாகிறவரை அவர் கையால் ஒரு துண்டு ரொட்டிகூட நான் வாங்கித் தின்னவில்லை.

விஷம் வைத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் தலையை நான் கோதிவிட்டேன். அவர் கரண்டி கேட்டார்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும். என் புருஷனைப் போல ஈரமில்லாத ஒரு மனசு உங்கள் வீட்டுப் படி ஏறாமல் இருக்கட்டும்.