தோஷம் கழித்த மீன்தொட்டி

காளவாசலில் அலங்காநல்லூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன்சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “கொலகாரங்கூட உக்காந்து வாரேன்.”

இறங்கும் வழி எங்கே என்று உடனே பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் மடியில் பாட்டில் நிறையப் பச்சைத் தண்ணீர். விஷமாக்கும் என்று எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் புரிந்தது: வீட்டு மீன்தொட்டியின் தண்ணீரை வளர்ப்பு மீன் கடையில் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

“சின்னத் தொட்டி, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனிதான்னு கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரா இல்லையா? நீங்க எம்புட்டுப் போட்டீக?”

“ஒரு கைப்பிடி பொரிதான்.”

“தினமும்! அம்புட்டும் அடியில அழுகி, கண்ணாடி பூராம் பாசி. உள்ள மீன் இருக்கான்னே தெரியல.”

“பச்சையா இருந்தா செழிப்புன்னு நெனச்சேன். மீனுக்குப் பொரி போட்டா தோஷம் கழியும்னு ஜோசியர் சொன்னாருல்ல?”

“தெப்பக்குளத்துல போடச் சொன்னாரு! நான் ஆசப்பட்டு வாங்குன ரெண்டு மீனுல ஒண்ணு நேத்துச் செத்து மெதந்துச்சு. நம்ம தோஷத்த அது வாங்கிக்கிருச்சுன்னு சிரிக்கிறீக. மிச்சம் இருக்குற ஒண்ணாவது பொழைக்கணும். இனிமே பொரியத் தொட மாட்டேன்னு சொல்லுங்க.”

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

“இல்ல, காலைல ஜோசியருக்குப் போன் போட்டேன். பாதிதான் கழிஞ்சிருக்காம்.”