ஆனந்தராசா அத்தானுக்கு ஒன்றுமில்லை

எங்கள் லிங்கநகர் வீட்டில் படிக்க வசதியான இடம் குசினி மேசைதான். ஃபேன் அங்கேதான் ஒழுங்காகச் சுற்றும். வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, அந்த மேசையில் இருந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். நடந்தவை எல்லாவற்றுக்கும் அந்தப் பரீட்சைதான் காரணம் என்று பாக்கியரத்தினம் ரீச்சர் உங்களிடம் முறையிட்டிருக்கிறார். அவர் சொன்னது சரி. ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவான நீங்கள் கேட்டபடி என் பக்கத்தை எழுதுகிறேன்.

இனிச் சுகமாகாது என்றானவர்களை நோவில்லாமல், மரியாதையாகக் கவனித்து வழியனுப்பும் தாதியருக்கான உயர்தரச் சான்றிதழ்ப் பரீட்சை அது. எழுத்துப் பாகம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. செய்முறையில்தான் இரண்டு தரம் விழுந்தேன். "பிரசாந்தினி மிஸ், உங்கட குரல்ல இரக்கம் காணாது. சந்தையில மீன் விலை கேக்கிற மாதிரிக் கதைக்கிறியள்," என்றார் பரீட்சகர். எனக்கு முகம் செத்துவிட்டது. பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் கிடைத்தவர்களோ நான் அடுத்த பாடத்துக்கு வருமுன்னரே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் என் கணவர் இராகுலனின் அண்ணன் ஆனந்தராசா அத்தானுக்கு வயிறு நொந்தது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்களோடுதான் இருக்கிறார். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் பாக்கியரத்தினம் ரீச்சருக்கும் அவருக்கும் ஆவணியில் பதிவுத் திருமணம் என்று பேச்சாகியிருந்தது. அந்தச் சந்தோசத்தில் தலைக்கு மை பூசத் தொடங்கியிருந்தார். ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். அவர் உள்ளே நின்று சேர்ட்டைப் போடும்போது டொக்டர் என்னிடம், "வெறும் வாயு, மிஸ். பருப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ," என்று சிரித்தார்.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சுகமாக இருப்பவரை நாங்கள் ஏசுவோம். கண்டதையும் தின்றால் இப்படித்தான் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வருவோம். சாகப் போகிறவரின் பக்கத்தில் மட்டுந்தான் இருந்து, மெதுவாக, ஒன்றுமில்லை என்போம். நோயை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அன்றைக்கு நான் அத்தானை ஏசியிருக்க வேண்டும். ஆனால், கதிரையை அருகில் இழுத்துப் போட்டு, கண்ணைப் பார்த்து, குரலைத் தணித்துக் கதைக்க வேண்டும் என்று முதல் நாள்தான் படித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்படியே செய்தேன்.

"ஒண்டுமில்லை அத்தான். பயப்பிட ஒண்டுமில்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே நின்ற முருங்கையைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, விளங்குது," என்றார்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும். என் குரலில் இரக்கம் இருந்திருக்கிறது.

இராகுலன் குசினிக்கு வந்து, "உண்மையைச் சொல்லும். அண்ணைக்கு என்ன?" என்று கேட்டார். வெறும் வாயு என்று அவருக்கும் உண்மையைத்தான் சொன்னேன், அதே குரலில். அவர் கிணற்றடிக்குப் போய் அழுதார். மறுநாளே லிங்கநகர் முழுவதும் சேர்ந்து, அத்தானுக்கு இல்லாத நோயை அத்தானுக்குத் தெரியாமல் மறைக்கத் தொடங்கிவிட்டது. அப்பிளும் ஹோர்லிக்ஸும் குவிந்தன. ஏதோ தொழிற்சங்கச் சண்டையில் அத்தானோடு பேச்சை விட்டிருந்த கிண்ணியா அபூதாஹிர் நானா ஒரு சட்டி தயிரோடு வந்தார். "நல்லா இரிக்கீங்க, முகமும் தெளிவா இரிக்கு," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த நன்மையையும் குழு கணக்கில் எடுக்க வேண்டும்.

அத்தான் படுக்கையில் விழுந்தார். சாப்பாடு குறைந்தது, ஆள் மெலிந்தார். மெலியக் கண்டவர்கள் இன்னும் அன்பாகப் பொய் சொன்னார்கள். நான் பாடம் பாடமாக முன்னேறினேன். தலையணையை எப்படி வைப்பது, வாய் உலர்ந்தால் என்ன செய்வது, மனக்குறைகளை எப்படிக் குறுக்கிடாமல் கேட்பது என்று எல்லாம் படிந்து வந்தது. அவரைப் போல் ஒத்துழைக்கும் நோயாளியை நான் கண்டதில்லை. மருந்து மட்டும் கொடுக்கவில்லை. சுகதேகிக்கு மருந்து கொடுப்பது தவறு.

பிரியாவிடை பற்றிய பாடத்துக்கு நான் வந்தபோது அவராகவே ரீச்சரை வரச் சொன்னார். "உங்களை இன்னொருக்கா விதவையாக்க என்னால ஏலாது ரீச்சர். கலியாணத்தை விடுவம்," என்றார். ரீச்சர் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. நன்றாக ஒரு ஏச்சு ஏசினால் எழும்பிவிடுவார் என்று தெரியும். ஆனால் செய்முறைப் பரீட்சை தள்ளிப் போயிருந்தது. பரீட்சகர் வீட்டுக்கே வந்து நான் கவனிப்பதைப் பார்ப்பதாக ஏற்பாடு. என்ன நோய் என்று நோயாளிக்கு முன்னால் அவரும் கேட்கமாட்டார். அந்த நேரத்தில் அத்தானை எழுப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். ரீச்சர் காத்திருப்பார் என்று நினைத்தேன்.

ரீச்சர் ஊர் வழக்கத்துக்கு அடங்காதவர். நேரே டொக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தார். "வாயுவாம். எழும்புங்கோ," என்றார். அத்தான் அவருடைய கையைத் தடவி, "உங்களுக்கும் சொல்லிக் குடுத்திட்டினமோ," என்றார். ரீச்சர் என்னைப் பிடித்து, அத்தானை ஏசச் சொன்னார். ஏசினேன். ஆனால் குரல் பழகிவிட்டது. ஏச்சிலும் இரக்கம் வந்து நின்றது. அத்தான் கண் கலங்கினார்.

இந்த வாக்குமூலத்தைத் தன் முன்னிலையில் அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ரீச்சரின் கடைசி வேண்டுகோள். நேற்று மாலை, இதுவரை எழுதியதை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"எனக்காக உங்கட உத்தியோகத்தையே விடப் பாக்கிறியள். இதெல்லாம் என்னைத் தேத்திறதுக்கு எழுதின பொய்தானே, பிள்ளை?"

ரீச்சர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவர் ஓர்ஸ் ஹில்லில் இருந்து வந்திருந்தார். அத்தானின் முகமோ நான் படித்த புத்தகங்களில் சொல்லியிருந்த அந்த அமைதியோடு இருந்தது. பரீட்சகர் திங்கட்கிழமை வருகிறார்.

"ஓம் அத்தான்," என்றேன்.

ரீச்சர் எழுந்து போய்விட்டார். இவ்வளவு நாளில் நான் அத்தானுக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் நோயாளியின் மனநிம்மதிக்காகச் சொன்னது.